எர்ரர் மெசேஜ் வராத எர்ரர்கள்: பில்லிங் சாஃப்ட்வேரோடு பதினாலு வருஷம்

மதுரையில் கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக், பற்று வரவு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. 2011ல் ஆரம்பித்தேன். முதலில் விபி 6. 1998ல் வந்த அந்த மொழி நான் தொட்டபோதே கிழடு தட்டியிருந்தது, ஆனால் இந்த ஊரில் பாதிக் கடை அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சி ஷார்ப், இப்போது பாதிக்கு மேல் வெப். ஆபீஸ் என்று சொல்லிக்கொள்ள சிம்மக்கல்லில் ஒரு மாடி அறை. வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எர்ரர் பிடிக்க எந்த டூல் நல்லதுண்ணே?" அவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், மெசேஜோடு வரும் எர்ரரை நான் எர்ரராகவே எண்ணுவதில்லை. ‘ஜெட் 4.0 பிரொவைடர் ரிஜிஸ்டர் ஆகவில்லை’ என்று வருகிறதா? ஆக்சஸ் ஃபைலைத் திறக்கும் இன்ஜினான ஜெட் 32 பிட்டில் மட்டும்தான் உண்டு. உங்கள் புரோகிராம் 64 பிட்டாக ஓடுகிறது. பில்டு செட்டிங்கில் எக்ஸ் 86 என்று மாற்றினால் முடிந்தது. நெட்வொர்க்கில் இன்னொரு மெஷினிலிருந்து எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸ் டேட்டாபேஸைத் தொட்டால் ‘எர்ரர் 26’ வருகிறதா? எஸ்க்யூஎல் பிரவுசர் சர்வீஸ் ஓடுகிறதா, ஃபயர்வாலில் 1434 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மெசேஜை அப்படியே தேடலில் போட்டால் நமக்கு முன்னால் அடிபட்டவன் எவனாவது பதில் எழுதி வைத்திருப்பான்.

காசையும் தூக்கத்தையும் தின்றவை மெசேஜே வராதவை. அதில் கொஞ்சம் நானே தேடிக்கொண்டது. வேலை கற்ற இடத்தில் ஒரு சீனியர், ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் முதல் வரியாக ‘ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ போடச் சொல்வார். எர்ரர் வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். "போட்டுடு தம்பி, கஸ்டமர்கிட்ட எர்ரரே வராது." உண்மைதான், வராது. ஸ்டாக் குறையாது, பில் சேவ் ஆகாது, ஆனால் எர்ரர் வராது. இன்றைய பையன்கள் அதையே எர்ரரைப் பிடிக்கும் கேட்ச் பிளாக்கைக் காலியாக விட்டுச் செய்கிறார்கள். மொழி மாறினாலும் இந்த வியாதி மட்டும் கூடவே வருகிறது.

நான் கையோடு வைத்திருக்கும் முதல் டூல் ஒரு நாற்பது பக்க நோட்டு. கஸ்டமர் போனில் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே அதில் எழுதுவேன். தீர்ந்ததும் ஒரு கோடு. இந்தப் பழக்கம் வந்தது கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையால்.

2013. பாக்கி ரிப்போர்ட் தப்பாக வருகிறது என்றார் கடைக்காரர். என் மெஷினில் நாலு நாள் ஓட்டிப் பார்த்தேன், சுத்தமாக வந்தது. டேட்டா கெட்டுப் போயிருக்கும் என்று ஆக்சஸ் ஃபைலை காம்பேக்ட் ரிப்பேர் செய்து கொடுத்தேன். மறுநாளும் அதே போன். கடையில் போய் உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தபோது அவர் பாட்டுக்குச் சொன்னார்: "மாசம் பொறந்து பத்துப் பன்னெண்டு நாள் கணக்குதான் தம்பி உதைக்குது. அதுக்கு மேல சரியாத்தான் வருது."

பன்னெண்டு. அந்த ஒரு வார்த்தையில் விஷயம் வெளியே வந்துவிட்டது. விண்டோஸில் தேதி நம் வழக்கப்படி நாள், மாதம், வருடம் என்று இருக்கிறது. நான் அதை அப்படியே இரண்டு ஹேஷ் (#) குறிக்குள் ஒட்டி, டேட்டாபேஸைக் கேட்கும் எஸ்க்யூஎல் வாக்கியமாக அனுப்பியிருந்தேன். ஜெட்டுக்கு ஹேஷுக்குள் வருவது அமெரிக்க முறை, மாதம்தான் முதலில். 05/08/2013 என்றால் அதற்கு மே மாதம் 8. ஆனால் 13/08 என்று வந்தால் பதின்மூன்றாம் மாதம் கிடையாதே என்று அதுவாகவே திருப்பிப் போட்டு ஆகஸ்ட் 13 என்று எடுத்துக்கொள்ளும். எர்ரர் கொடுத்துத் தொலைத்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன். அது எனக்கு உதவி செய்ததுதான் வினை. நான் சோதித்துப் பார்த்த நாலு நாளும் மாதக் கடைசி, எல்லாம் 13க்கு மேற்பட்ட தேதிகள். அன்றிலிருந்து தேதியைச் சரமாக ஒட்டி அனுப்புவதே கிடையாது, தேதியாகவே தனியாக அனுப்பும் பாராமீட்டர்தான். புதிய புரோகிராம் எதையும் மூன்றாம் தேதி வைத்து ஒரு தரம், இருபத்து மூன்றாம் தேதி வைத்து ஒரு தரம் ஓட்டிப் பார்க்காமல் கொடுப்பதில்லை.

இரண்டாவது சம்பவம், விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடை. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு சப்போர்ட் முடிந்ததும் மெஷினை விண்டோஸ் 7க்கு மாற்றினார்கள். ஒரே கம்ப்யூட்டர், அப்பாவுக்கு ஒரு லாகின், மகனுக்கு ஒரு லாகின். ஒரு வாரத்தில் பெரியவர் கூப்பிட்டார். "நான் போட்ட பில்லு அவனுக்குத் தெரியலங்கிறான். அவன் போட்டதா சொல்ற பில்லு எனக்குத் தெரியல. வீட்டுல பேச்சுவார்த்தையே நின்னு போச்சுப்பா." பாதி பில்லை ஒளிக்கிறான் என்று மகன் மேல் சந்தேகம் வரும் அளவுக்குப் போயிருந்தது. மகன் என்னிடம் தனியாக, "அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றான்.

இங்கே கை கொடுத்தது புராசஸ் மானிட்டர். சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் வரும் இலவச டூல். நம் புரோகிராம் எந்த ஃபைலை, எந்தப் பாதையில் தொடுகிறது என்று ஒவ்வொரு அசைவையும் வரிசையாகக் காட்டும். திறந்தவுடன் நொடிக்கு ஆயிரக்கணக்கில் வரி கொட்டும், பயந்து மூடிவிடக்கூடாது. புரோகிராம் பெயரை ஃபில்டரில் போட்டால் அடங்கிவிடும். பார்த்தால், நான் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் வைத்த டேட்டா ஃபைலை யாருமே தொடவில்லை. அப்பா வந்தால் அப்பாவின் யூசர் ஃபோல்டருக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் ஒரு காப்பி, மகன் வந்தால் மகனுடையதில் ஒரு காப்பி. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸின் ஏற்பாடு இது. பழைய புரோகிராம் எழுதக்கூடாத இடத்தில் எழுத முயன்றால் அதைத் தடுத்து உடைக்காமல் சத்தமில்லாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். இதுவும் ஒரு உதவிதான், பாருங்கள். ஃபைலை டி டிரைவில் ஒரு பொது ஃபோல்டருக்கு மாற்றி, இரண்டு காப்பியையும் ஒன்றாகச் சேர்க்க ஒரு ராத்திரி ஆனது. பெரியவர் காபி வாங்கிக் கொடுத்தார். மகனிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு வெப்பில் எழுதினேன். விவசாயி கொண்டுவரும் பூவுக்குச் சீட்டு, வாங்கிப் போகிறவருக்கு பில், சாயங்காலம் மொத்தக் கணக்கு. இரண்டாவது நாளே போன்: "இன்னைக்கு வந்த மல்லி நேத்துக் கணக்குல நிக்குது தம்பி." எல்லா மல்லியுமா என்று கேட்டேன். "இல்ல, கருக்கல்ல வந்தது மட்டும். வெளிச்சம் வந்தப்புறம் வந்ததெல்லாம் சரியா இருக்கு."

சர்வர் இருப்பது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். இங்கே 15ஆம் தேதி காலை 4:10க்குப் போட்ட பில், அங்கே 14ஆம் தேதி ராத்திரி 10:40. ஐந்தரைக்கு மேல் போட்டால் இரண்டு இடத்திலும் ஒரே தேதி. பத்து மணிக்குக் கடை திறக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கோளாறு வருஷக்கணக்கில் தெரியாமலே போகும். தூங்கா நகரத்தில் இரண்டே நாளில் தெரிந்துவிட்டது.

சரி, தீர்வு சுலபம் என்று ஸ்கிரீனில் காட்டும்போது ஐந்தரை மணி கூட்டினேன். ஸ்கிரீன் சரியானது, நாள் மொத்தம் மட்டும் பழையபடியே உதைத்தது, ஏனென்றால் அதைக் கூட்டுவது டேட்டாபேஸ், அது யூடிசி தேதியை வைத்தே பிரித்துக்கொண்டிருந்தது. கொயரியில் நேர மண்டலத்தை மாற்றும் ஃபங்ஷனை ஏசியா/கொல்கத்தா என்று பெயர் கொடுத்து எழுதினேன். என் லேப்டாப்பில் வந்தது, ஹோஸ்டிங்கில் எல்லாத் தேதியும் காலி. மைஎஸ்க்யூஎல்லில் நேர மண்டலப் பட்டியலை யாராவது ஏற்றி வைத்திருந்தால்தான் அது பெயரை அடையாளம் காணும். இல்லையென்றால் எர்ரர் கிடையாது, நல், அதாவது காலி மதிப்பு, என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். +05:30 என்று எண்ணாகக் கொடுத்தால் பட்டியல் இல்லாமலே வேலை செய்கிறது. கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் நம் நாட்டில் இல்லாததால் எனக்கு அதுவே போதும்.

மூன்றிலும், புரோகிராமை வரி வரியாக நிறுத்திப் பார்க்கும் என் டீபக்கர் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும். விஷுவல் ஸ்டுடியோ டீபக்கர் அருமையான சாமான்தான், 2014லிருந்து கம்யூனிட்டி பதிப்பு இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் என் மேஜையில் வரும் பிழைக்குத்தான் அது. கடைக்கும் என் மேஜைக்கும் உள்ள வித்தியாசத்தில் உட்கார்ந்திருக்கும் பிழையைப் பிரேக்பாயின்ட் வைத்துப் பிடிக்க முடியாது. அதற்கு லாக் வேண்டும், அதாவது புரோகிராம் தான் செய்வதைத் தானே எழுதி வைக்கும் ஃபைல். நான் எழுதும் லாக் வரியில் நேரம் (எந்த மண்டல நேரம் என்பதும்), யூசர், மெஷின் பெயர், சாஃப்ட்வேர் வெர்ஷன், என்ன செய்யப் போனார், அதற்கு வந்த மதிப்புகள். பாஸ்வேர்டு கூடவே கூடாது. பழைய லாக் தானாக அழியும்படி வையுங்கள். ஒரு தரம் என் லாக்கே ஒரு கடையின் சி டிரைவை அடைத்து பில்லை நிறுத்தியது.

டாட்நெட் புரோகிராம் எதுவும் சொல்லாமல் பட்டென்று மூடிக்கொண்டால் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறங்கள். அப்ளிகேஷன் பகுதியில் டாட்நெட் ரன்டைம் என்று 1026 எண்ணோடு ஒரு வரி இருக்கும். எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்பது அதிலேயே இருக்கும். எத்தனையோ பேர் இதைப் பார்க்காமலே விண்டோஸைத் திரும்பப் போடுகிறார்கள்.

வெப் பக்கத்துக்கு, பிரவுசரில் எஃப் 12 கீ திறக்கும் டெவலப்பர் டூல்ஸ். "சேவ் அழுத்துனா சுத்திக்கிட்டே இருக்கு" என்று சொல்லும் பெண்ணிடம் எஃப் 12 அழுத்தச் சொல்லி, லேப்டாப் என்றால் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்தச் சொல்லி, நெட்வொர்க் டேபில் சிவப்பாக இருக்கும் வரியைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்வேன். 500 என்றால் என் தப்பு, லாக்கைப் பார்ப்பேன். 404 என்றால் ஃபைலை ஏற்ற மறந்திருப்பேன். பெண்டிங் என்றே நின்றால் பெரும்பாலும் அவர்கள் நெட். நெட் மெதுவாக இருந்து அவர்கள் சேவ் பட்டனை இரண்டு தரம் அழுத்தி, ஒரு பில் இரண்டாக விழுந்த கதையும் உண்டு. பட்டனை முடக்கினால் மட்டும் போதாது, பில்லுக்கு ஒரு தனி அடையாள எண் அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் மறுக்கும்படி எழுதவேண்டும். புதுசாக மாற்றியது கடையில் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பிரவுசர் எடுத்து வைத்திருக்கும் பழைய காப்பி, அதாவது கேஷ்தான்.

தமிழ் தனிக் கதை. பெயர் எல்லாம் கேள்விக்குறியாக வந்தால் எஸ்க்யூஎல் சர்வரில் யூனிகோடைத் தாங்கும் என்வார்சார் வகை போட மறந்திருப்பீர்கள், அது எல்லாருக்கும் தெரிந்தது. ‘மதுரை’ கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து, யூடிஎஃப் 8ல் பதினைந்து பைட் என்பது தெரியாமல் அகலத்தைக் குறைவாக வைத்தால் பெயர் பாதியில் அறுந்து நிற்கும். என்னை ஒரு மாதம் சுற்றவிட்டது வேறு. பொன்னுச்சாமி என்று ஸ்கிரீனில் இருக்கிறார், தேடினால் இல்லை. பழைய ஃபான்ட் டேட்டாவை யூனிகோடுக்கு மாற்றிய கன்வர்ட்டர், ‘பொ’வில் உள்ள குறியை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டாக வைத்திருந்தது. கீபோர்டில் அடிப்பவர் போடுவது ஒரே துண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு ஆள். சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் நார்மலைஸ் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். டாட்நெட்டில் அது ஒரே வரி.

ஏஐ பற்றிக் கேட்பீர்கள். 2023லிருந்து தினமும் பயன்படுத்துகிறேன். மெசேஜ் இருக்கும் எர்ரருக்கு புரோகிராமர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நான் செலவழித்த நேரத்தை முக்கால்வாசி மிச்சப்படுத்துகிறது. காலிக் கேட்ச் பிளாக்கைக் காட்டித் திட்டவும் செய்கிறது. ஆனால் ‘ரிப்போர்ட்டில் தேதி தப்பு’ என்று மட்டும் சொன்னால் பத்துக் காரணம் கொடுக்கும், பத்தும் நியாயமாகவே இருக்கும். ‘கருக்கல்ல வந்தது மட்டும்’ என்று சேர்த்துச் சொன்னேன், சோதிக்கத்தான். முதல் வரியிலேயே யூடிசி என்றது. அந்த வார்த்தையைக் கடைக்காரர் வாயிலிருந்து வாங்குவது இன்னும் என் வேலையாகத்தான் இருக்கிறது.

நோட்டில் இப்போது கோடு போடாமல் நிற்பது ஒரே வரி. திருமங்கலத்தில் ஒரு உரக்கடை: "சனிக்கிழமையானா பிரிண்டு நாலு நிமிஷம் கழிச்சு வருது." லாக்கில் ஒன்றும் இல்லை, ஈவன்ட் வியூவரிலும் இல்லை. சனிக்கிழமை மட்டும் யார் வருகிறார், எந்த மெஷினை யார் போடுகிறார் என்று கேட்டிருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை காலை பஸ் பிடித்து அங்கேயே போய் உட்காரப் போகிறேன்.