பழைய ஜியானா, புது ஐ5-ஆ? இரண்டையும் வைத்து ஓட்டுபவனின் பதில்

ராம் விலை ஏறியதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: கம்ப்யூட்டருக்குப் பழைய சர்வர் சிப்பான ஜியானா, புது டெஸ்க்டாப் சிப்பான ஐ5-ஆ? கடைசியாகக் கேட்டவன் கல்லூரித் தோழன். "மச்சான், ரிட்சி ஸ்ட்ரீட்ல 14 கோர் ஜியான், போர்டு, 64 ஜிபி ராம் எல்லாம் சேர்த்து ஒரு ரேட் சொல்றாங்க. அந்தக் காசுக்குப் புதுசுல 6 கோர்தான் வருது. எதைடா எடுக்கறது?" வாட்ஸாப்பில் ஆரம்பித்த பதில் முடிகிற வழியாக இல்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இரண்டும் இருக்கின்றன. ஒன்று ஜியான் இ5-2680 வி4. இன்டெல் 2016-இல் வெளியிட்டது. ஏதோ ஒரு டேட்டா சென்டரில் உழைத்து முடித்து, கழற்றி விற்கப்பட்டு, ஒரு சீன எக்ஸ்99 போர்டில் ஏறி என் வீட்டுக்கு வந்தது. இன்னொன்று 2022-இன் ஐ5-12400, சாதாரண எச்610 போர்டில். இரண்டிலும் உபுண்டு. கோர் என்பது சிப்புக்குள் வேலை செய்யும் ஆள், த்ரெட் என்பது அந்த ஆள் ஒரே நேரத்தில் பிடிக்கும் வேலை. ஜியானில் 14 கோர், 28 த்ரெட். ஐ5-இல் 6 கோர், 12 த்ரெட். என் வேலை பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் ஸ்கேன் பக்கங்களை, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்ற மென்பொருளில் கொடுத்து எழுத்தாக்குவது, பிறகு உட்கார்ந்து பிழை திருத்துவது. முதல் பாதியை மெஷின் தனியாகச் செய்யும். இரண்டாவது பாதியில் நானும் அதன் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முதலில் இரவு வேலை. டெசராக்டை அதன் போக்கில் விட்டால் ஒரு பக்கத்துக்கே நாலு த்ரெட் வரை எடுத்துக்கொள்ளும். பல பக்கங்களை ஒன்றாக ஓட்டினால் ஒன்றின் காலை இன்னொன்று மிதிக்கும். அதனால் த்ரெட் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஓஎம்பி த்ரெட் லிமிட் என்ற அமைப்பை 1 என்று வைத்து, பக்கத்துக்கு ஒரு த்ரெட்டாக 28 பக்கங்களை ஒரே நேரத்தில் ஏவிவிடுவேன். த்ரெட்டுக்கு ஒரு பட்டையாக சிப்பின் உழைப்பைக் காட்டும் எச்டாப்பைத் திறந்தால் 28 பட்டைகளும் முழுசாக நிரம்பி நிற்கும். சிப்பின் வேகம் (கிளாக்) 2.9 கிகாஹெர்ட்ஸை ஒட்டி அசையாமல் இருக்கும். பார்க்கவே ஒரு கெத்து. வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன்.

அதே புத்தகத்தை ஐ5-இல் 12 பக்கம் 12 பக்கமாக ஓட்டினால்? ஏறக்குறைய அதே நேரத்தில் முடிகிறது. சில சமயம் ஐ5 முந்திவிடுகிறது. 14 கோரைப் பிடித்து 6 கோர் சமன் செய்துவிடுகிறது என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? காரணம் புரியாமல் இல்லை. ஜியானில் இருக்கும் பிராட்வெல் என்ற பழைய வகைக் கோர் ஒரு சுற்றுக்கு 4 கட்டளைகளைப் பிரித்துப் படிக்கும், ஐ5-இன் கோல்டன் கோவ் என்ற புது வகைக் கோர் 6 படிக்கும். வரிசையில் பிடித்து வைத்துக்கொள்ளும் கட்டளைகள் அங்கே 192, இங்கே 512. அதற்கு மேல் ஜியானின் உச்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ், ஐ5-க்கு 4.4. எல்லாம் சேர்ந்து ஒற்றைக் கோர் வேகத்தில் ஐ5 கிட்டத்தட்ட இரு மடங்கு.

பகல் வேலையில்தான் இது உறைக்கும். ஸ்கேன் மங்கலாக இருந்தால் துணைக்காலை "ர" என்று படித்து வைத்திருக்கும். "காலம்" "கரலம்" ஆகியிருக்கும். முழுப் புத்தகத்தையும் லிப்ரே ஆபீஸில் திறந்து தேடி மாற்று என்று கொடுத்தால், ஜியானில் எச்டாப்பின் ஒரு பட்டை மட்டும் நிரம்பும், மற்ற 27-உம் தரையில் கிடக்கும். ஒருவன் குழி வெட்ட 27 பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிற கதை. ஐ5-இல் கையை எடுப்பதற்குள் முடிந்திருக்கும். 2018-இல் வெளிவந்த மெல்ட்டவுன் என்ற சிப் பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிற வேலை வேறு ஜியானின் தலையில்தான். சிப்பின் விவரம் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளையை அடித்தால் மெல்ட்டவுன் வரியில் "மிட்டிகேஷன்: பிடிஐ" என்று வரும், அதாவது மென்பொருளால் அடைத்திருக்கிறது. ஐ5-இல் அதே வரியில் "நாட் அஃபெக்டட்", பாதிப்பே இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது ஸ்லீப்.

ஜியான் ஏறியிருக்கும் இந்த போர்டு தூங்கும், எழாது. ஸ்லீப் போட்டுத் திரும்பி வந்து கீபோர்டைத் தட்டினால் ஃபேன் மட்டும் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை. போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் இருக்கிற ஒவ்வொரு ஆப்ஷனையும் மாற்றிப் பார்த்தாயிற்று. சரி, அணைத்தே போடலாம் என்றால் பூட் ஆகும் அழகைப் பார்க்க வேண்டும். போர்டின் ஓரத்தில் இரண்டு இலக்கச் சிவப்பு டிஸ்ப்ளே ஒன்று இருக்கிறது. எண்கள் சரசரவென்று ஓடும், பிறகு ஒன்றில் வந்து நின்றுகொள்ளும். ராமைச் சரிபார்க்கிறதாம். போச்சு, செத்துவிட்டது என்று கேபினைத் திறக்கக் கை நீளும் நேரத்தில் அடுத்த எண்ணுக்கு நகரும். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இருட்டு, அப்புறம்தான் லோகோ. ஐ5-இல் ஒரு கீ தட்டினால் போதும், நேற்று விட்ட வரியில் கர்சர் துடிக்கிறது.

இது போர்டின் குற்றம், சிப் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஆனால் இந்த சிப்பை வாங்குகிறவன் கைக்கு எட்டுகிற விலையில் புதிதாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்த மாதிரி போர்டுதான். அப்புறம் நியாயம் பேசி என்ன?

அணைக்கச் சோம்பல்பட்டு ஓடவிட்டால் இ.பி. பில் பேசும். பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்ததில், சும்மா இருக்கும்போதே ஜியான் ஐ5-ஐவிட 40 வாட் போல அதிகம் இழுக்கிறது. நாளைக்கு 10 மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் 24 யூனிட். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கோடையில் ஏசியோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் சலுகை ரேட் போய்விடும். அப்போது தெரியும் 24 யூனிட்டின் மகிமை.

இன்னொன்று, ஜியானில் கிராஃபிக்ஸ் கிடையாது. படம் வருவதற்காகவே ஒரு ஜிடி 710 கார்டு செருகியிருக்கிறேன். யூடியூப் வீடியோவைச் சுருக்கி அனுப்பும் விபி9, ஏவி1 என்ற முறைகளை அதற்குப் பிரிக்கத் தெரியாது. ஒரு வீடியோ போட்டால் 14 கோர் சர்வர் சிப் மூச்சு வாங்கும். ஐ5-இன் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் சத்தமில்லாமல் அதைப் பார்த்துக்கொள்கிறது.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? ராமும் லேனும்தான். ஜியானில் ராமுக்குப் போகும் பாதை (சேனல்) நாலு, கார்டுகளும் எஸ்எஸ்டிகளும் பேசும் பாதை (பிசிஐஇ லேன்) 40. டிடிஆர்4-2400 ராம் போட்டாலே அதிலிருந்து தரவு வரும் உச்ச வேகம் நொடிக்கு 76.8 ஜிபி. ஐ5-12400-க்கு டிடிஆர்5-4800 போட்டால் இன்டெல் சொல்லும் உச்சமும் அதே 76.8! ஆறு வருடம் கழித்து வந்த சிப், புது ராம், அதே எண். என்னுடைய எச்610-இலோ டிடிஆர்4, ராம் ஸ்லாட் இரண்டே இரண்டு, வேகமான எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஒன்றே ஒன்று. இன்னொரு எஸ்எஸ்டி வேண்டுமா, பழைய, மெதுவான சாட்டா இணைப்பில் மாட்டு. டெஸ்க்டாப் வாங்குகிறவனுக்கு இவ்வளவு போதும் என்று யாரோ மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள், அதுதான் எரிச்சல்.

பிறகு இசிசி, அதாவது தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் ராம். ஒருநாள் இரவு வேலை முடிந்து ஜியானின் லாகை (நிகழ்வுப் பதிவை) பார்த்தால், குறிப்பிட்ட ஒரு ஸ்லாட்டில் மெமரி பிழை, திருத்தப்பட்டது என்று வரிசையாக வரிகள். அந்த ராமைக் கழற்றி, தங்க முனையைத் துடைத்துத் திரும்பப் போட்டேன், நின்றுவிட்டது. ஒரு பக்கம்கூடக் கெடவில்லை. ஐ5-இல் இதே பிழை வந்திருந்தால் எந்தப் பக்கத்தில் எந்த எழுத்து மாறியது என்று எனக்குத் தெரியவே வாய்ப்பில்லை. பழைய சர்வர் சாமானின் ஒழுக்கம் இதுதான்.

ஆகவே தோழனுக்கு: ஐ5 எடு. உனக்குக் கணக்கு எழுத டேலியும், இணையம் பார்க்க கிரோமும்தான் வேலை, 28 த்ரெட்டை வைத்து என்ன செய்யப் போகிறாய்? போதாக்குறைக்கு விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இந்த ஜியான் இல்லை. ஐ5-இன் பெயர்க் கடைசியில் எஃப் இல்லாததாகப் பார்த்து வாங்கு, எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இருக்காது. இல்லாவிட்டால் கார்டு செலவு மிச்சம்.

என்னுடைய ஜியானைக் கேட்காதே, தரமாட்டேன். இன்னும் இரண்டு ராம் தேடிக்கொண்டிருக்கிறேன் அதற்கு. இவ்வளவு சொல்லியும் உனக்கு ஜியான்தான் வேண்டும் என்றால், டெஸ்டிங் வாரண்டி, அதாவது கடையில் ஓடிக் காட்டினால் அதோடு சரி, என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள், விடாதே. கடையிலேயே ஸ்லீப் போட்டு எழுப்பிக் காட்டச் சொல். எழுந்தால் அந்த போர்டின் மாடல் நம்பரை உடனே எனக்கு அனுப்பு.