வரலாற்று ஆய்வு நிறுவனத்தின் தளத்தைச் சோதிக்க எந்த வழி நல்லது?

வரலாற்று ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்துக்கு வருபவர் பெரும்பாலும் சில கேள்விகளோடு வருகிறார். நான் தேடும் ஆவணம் இங்கே இருக்கிறதா? அதன் கோப்பு எண் என்ன? நேரில் போகாமல் பார்க்க முடியுமா? அடிக்குறிப்பில் எப்படிக் குறிப்பிடுவது? இவற்றுக்கு அவர் அலையாமல் பதில் கண்டுபிடித்துவிட்டால் தளம் நன்றாக இருக்கிறது என்று பொருள். அப்படி இருக்கிறதா என்று பார்க்க நிபுணர் ஆய்வு, பயனர் சோதனை, கேள்வித்தாள், தேடல் பதிவுகளை (தேடல் பெட்டியில் மக்கள் தட்டிய சொற்களின் பதிவுகளை) அலசுவது என்று நான்கு வழிகள் உண்டு. ஒன்றுக்குத்தான் பணமும் நேரமும் இருக்கிறது என்றால், நான் யோசிக்காமல் பயனர் சோதனையை எடுப்பேன்.

ஆனால் பல நிறுவனங்கள் முதலில் போவது தள வடிவமைப்பு நிபுணரிடம். பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த யாகோப் நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990-இல் முன்வைத்த முறை இது. 1994-இல் நீல்சன் செப்பனிட்ட பத்து விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு நிபுணர் பக்கம் பக்கமாகப் பார்த்துக் குறைகளைக் குறிப்பார். இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். ஒருவர் மட்டும் பார்த்தால் குறைகளில் சுமார் 35 சதவீதம்தான் கண்ணில் படும் என்பது நீல்சனின் கணக்கு. அதனால் மூன்று முதல் ஐந்து பேர் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, அப்புறம் ஒப்பிட்டுக்கொள்வது வழக்கம். வெளிறிய சாம்பல் எழுத்து, பின்னால் போனால் அழிந்துவிடும் ஃபில்டர்கள், ‘சேகரங்கள்’, ‘தொகுப்புகள்’, ‘வளங்கள்’ என்று எது எதற்கு என்றே புரியாத மூன்று மெனுக்கள்: இதையெல்லாம் நிபுணர் உடனே பிடித்துவிடுவார்.

அவர் கையில் சிக்காதது வரலாறுதான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1914-இல் பெட்ரோகிராட் ஆனது, 1924-இல் லெனின்கிராட் ஆனது, 1991-இல் பழைய பெயருக்கே திரும்பியது. பட்டியலில் 1916-ஆம் ஆண்டுக் கடிதம் ‘பெட்ரோகிராட்’ என்று மட்டும் பதிவாகியிருந்தால், இன்றைய பெயரைத் தட்டுபவருக்கு அது கிடைக்காது. நிபுணரோ தேடல் பெட்டியில் ஏதோ ஒரு சொல்லைத் தட்டுவார், முடிவுகள் வரும், சரி என்று டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். தேதியும் இப்படித்தான். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. அங்கே எழுதிய ஒரு கடிதத்தில் ‘பிப்ரவரி 1700’ என்று இருந்தால், இன்றைய கணக்கில் அது 1701 ஆக இருக்கலாம். பட்டியலிட்டவர் எதைப் பதிந்தார் என்று தளம் சொல்லாவிட்டால் ஆண்டு ஃபில்டரை நம்பி ஒரு பயனும் இல்லை. இந்தச் சந்தேகம் வரலாற்று ஆய்வாளருக்கு வரும், தள வடிவமைப்பு நிபுணருக்கு வராது.

பயனர் சோதனையில் ஆய்வாளரையே உட்கார வைத்து, ஒரு வேலையைக் கொடுத்து, நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறோம். நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு சோதனையில், முனைவர் பட்ட மாணவி ஒருவர் நான்கு நிமிடத்தில் ஆவணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். அவர் நிறுத்தவில்லை. அந்தப் பக்கத்தின் இணைய முகவரியை நகலெடுத்துத் தன் குறிப்பேட்டில் ஒட்டினார், பழக்கதோஷத்தில் அதைப் புது ஜன்னலில் திறந்தும் பார்த்தார். ‘உங்கள் அமர்வு முடிந்துவிட்டது’ என்று வந்தது, ஆவணம் வரவில்லை. “அப்போ இதை எப்படி அடிக்குறிப்பில் போடுவேன்?” என்றார். அதற்கு முன் அந்தத் தளத்தைப் பார்த்த இரண்டு நிபுணர்களின் அறிக்கையிலும் இந்தக் குறை இல்லை.

ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று அடிக்கடி சொல்வார்கள். ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டு வருவார் என்ற கணிப்பிலிருந்து வந்த எண் அது. எல்லாத் தளத்துக்கும் அப்படியே பொருந்தாது. தவிர, பேராசிரியரும் தன் குடும்ப வரலாற்றைத் தேடுபவரும் ஒரே விதமாகத் தேடுவதில்லை. ஐந்து பேராசிரியர்களை உட்கார வைப்பதைவிட, இரு தரப்பிலும் மும்மூன்று பேரை அழைப்பது மேல். கொடுக்கும் வேலையில் தளத்தின் சொற்களைப் போடக் கூடாது. ‘சேகரங்களில் போய்த் தேடுங்கள்’ என்று எழுதிவிட்டால் விடையை நாமே சொல்லிவிட்டோம்.

கேள்வித்தாள்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒன்றைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று பயனரிடமே கேட்கும் எஸ்.யூ.எஸ். (System Usability Scale) அளவுகோலை ஜான் புரூக் 1986-இல் உருவாக்கினார்; அதில் பத்தே கேள்விகள். மதிப்பெண் 0 முதல் 100 வரை, சராசரி 68 என்று எடுத்துக்கொள்வார்கள். அது சதவீதம் இல்லை என்பதை அறிக்கை எழுதும்போது மறந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன மாணவி கடைசியில் கொடுத்தது 80. அரிய ஆவணங்களை இலவசமாகத் தரும் நிறுவனத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. தளத்தைப் புதுப்பிப்பதற்கு முன்னும் பின்னும் இதே கேள்விகளைக் கேட்டு, கணிசமான பேரின் பதிலை ஒப்பிடலாம். அதற்கு மேல் இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

தேடல் பதிவுகளை நிறுவனங்கள் ஏன் கண்டுகொள்வதில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. முடிவே கிடைக்காத தேடல்களை மட்டும் ஒரு மாதத்துக்குப் பிரித்தெடுத்துப் பாருங்கள். பெயர்களின் மாற்று எழுத்துகள், பழைய ஊர்ப் பெயர்கள், தேடல் பெட்டியில் அப்படியே ஒட்டிய கோப்பு எண்கள் என்று மக்கள் நிஜமாகப் பயன்படுத்தும் சொற்கள் அங்கே வரிசையாகக் கிடக்கும். பெயரோ முகவரியோ இல்லாத பதிவாக இருந்தால் போதும். ஒருவர் ஏன் பாதியில் விட்டுப் போனார் என்பது மட்டும் அதில் தெரியாது. அரை நிமிடத்தில் வெளியேறியவர் வெறுத்துப் போனாரா, திறக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு திருப்தியாகப் போனாரா என்று எண்ணிக்கை சொல்லாது.

அதனால் நான் பதிவுகளில் தொடங்குவேன். முடிவு கிடைக்காத தேடல்களிலிருந்து ஆறேழு வேலைகளைத் தேர்ந்தெடுப்பேன். வெளிப்படையான குறைகளை இரண்டு நிபுணர்களை வைத்துக் களைந்துவிட்டு, அதே வேலைகளோடு ஆய்வாளர்களை உட்கார வைப்பேன். அப்போது பட்டியல் தயாரித்த ஆவணக் காப்பாளரும் பின்னால் அமர்ந்து பார்க்க வேண்டும், பேசாமல். “இடப்பக்கம் இருக்கிறதே” என்று சொல்ல அவருக்கு வாய் துறுதுறுக்கும். நான் பார்த்த அந்தச் சோதனையில் அவர் அடக்கிக்கொண்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டே இருந்தார். தாளில் முதல் வரி: ஒவ்வொரு ஆவணத்துக்கும் மாறாத முகவரி.