எசென்ஷியல்ஸ் கிட்: நல்ல பெட்டிதான், முதல் குவெஸ்டை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டைத் தொடங்குபவர்களுக்காக 2019-இல் வந்த பெட்டி இது. திறந்ததும் பகடைகளை எண்ணிப் பாருங்கள், 11 இருக்க வேண்டும். டி20 (இருபது முகப் பகடை) இரண்டு, டி6 நான்கு, டி4, டி8, டி12 ஒவ்வொன்று, டி10 இரண்டு. இந்த டி10-களில் ஒன்றில் 00 முதல் 90 வரை பத்துப் பத்தாக எண்கள் இருக்கும். யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். அட்வான்டேஜ் (சாதகமான நிலை) கிடைத்தால் இரண்டு டி20-யையும் சேர்த்து உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கலாம். கேரக்டரின் (நீங்கள் ஏற்று ஆடும் பாத்திரத்தின்) திறன் எண்களுக்கு நான்கு டி6 உருட்டி, மிகச் சிறியதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்டலாம். இதற்கு முன் வந்த தொடக்கப் பெட்டியான 2014-இன் ஸ்டார்ட்டர் செட்டில் மொத்தமே ஆறு பகடைகள்தான், அட்வான்டேஜ் வரும்போதெல்லாம் ஒரே டி20-யை இரண்டு தடவை உருட்ட வேண்டும்.

பகடைகள் போக 64 பக்க விதிப் புத்தகம், 64 பக்க சாகசப் புத்தகம், எழுதாத கேரக்டர் ஷீட்கள் 6, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டருக்கான (டி.எம்.) மறைப்பு அட்டை, இரண்டு பக்கமும் அச்சிட்ட வரைபடம், கார்டுகள். கார்டுகள் துளையிட்ட தாள்களாக வருகின்றன. மடிப்பை முன்னும் பின்னும் இரண்டு முறை மடித்துவிட்டுப் பிரியுங்கள், இல்லையென்றால் ஓரம் கிழியும். சண்டைக்குக் கட்டம் போட்ட தாளும் பென்சில்களும் தனியாக வேண்டும். ஒரு கட்டம் ஐந்து அடி.

ஸ்டார்ட்டர் செட்டில் தயாரான கேரக்டர்கள் ஐந்து உண்டு, இதில் ஒன்றுகூட இல்லை. நான்கு புதியவர்கள் உட்கார்ந்தால் முதல் நாளின் இரண்டு மணி நேரம் கேரக்டர் உருவாக்குவதிலேயே போய்விடும், அதை எதிர்பார்த்தே நேரம் ஒதுக்குங்கள். அவசரமென்றால் திறன் எண்களுக்குப் பகடை வேண்டாம். 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறையும் பங்கிட்டுக்கொள்ளலாம், புத்தகமே இதை அனுமதிக்கிறது. ஃபைட்டருக்கு (போர்வீரர்) 15-ஐ வலிமையில் போடுங்கள், விசார்டுக்கு (மந்திரவாதி) அறிவில்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. டி20-உடன் கூட்ட வேண்டியது 15 என்ற எண்ணை அல்ல, அதிலிருந்து வரும் மாடிஃபையரை. 10, 11 என்றால் பூஜ்யம். அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டுக்கும் ஒன்று கூடும், கீழே போனால் அதே கணக்கில் குறையும். மனித ஃபைட்டருக்கு இனத்தால் ஒன்று கூடி வலிமை 16 ஆனால் மாடிஃபையர் 3. வாளை வீசும்போது அந்த 3-உடன் புரொஃபிஷியன்ஸி (பயிற்சிக்கான கூடுதல் எண்) 2-ம் சேர்ந்து டி20 + 5. அடி பட்டபின் சேதத்துக்கு மாடிஃபையர் 3 மட்டும்தான், புரொஃபிஷியன்ஸி அங்கே சேராது. இதை ஷீட்டின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். விசார்டைப் படிக்கப் பொறுமை உள்ளவரிடம் கொடுங்கள். கேன்ட்ரிப் எனும் எளிய மந்திரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், முதல் லெவல் மந்திரங்களுக்கு ஸ்லாட் (அவற்றைப் போடும் வாய்ப்பு) இரண்டே என்ற வேறுபாடு மனதில் பதியச் சற்று நேரமெடுக்கும்.

ஆட ஒரே ஒருவர்தான் இருக்கிறாரா? அப்போது இந்தப் பெட்டியை அடித்துக்கொள்ள ஆளில்லை. சைட்கிக் விதிகளின்படி அவர் ஒரு துணைக் கேரக்டரையும் சேர்த்து நடத்தலாம்.

குறை சாகசப் புத்தகத்தில்தான் இருக்கிறது. கதை தொடங்கும் ஃபேன்டலின் ஊரின் அறிவிப்புப் பலகையில் தொடக்கத்தில் மூன்று வேலைகள் (குவெஸ்ட்கள்) தொங்கும். மூன்றும் ஒரே தரம் போலத் தெரிந்தாலும் அப்படியில்லை. அவற்றில் ஒன்றான அம்ப்ரேஜ் ஹில்லில் மேன்டிகோர் என்ற ஒரு அரக்க மிருகம் காத்திருக்கிறது. அதற்கு 68 ஹிட் பாயின்ட் (உயிர் எண்), பறக்கும், ஒரே சுற்றில் மூன்று வால் முட்களை எறியும், ஒவ்வொரு முள்ளும் டி8 + 3 சேதம். முதல் லெவல் விசார்டுக்கு 8 ஹிட் பாயின்ட் இருந்தாலே பெரிது, இரண்டு முள் பட்டால் தரையில் கிடப்பார். அதனுடன் பேரம் பேசி அனுப்பிவிட முடியும், ஆனால் புதிய ஆட்டக்காரர்கள் பேச முயல்வதற்கு முன்பே வில்லை எடுத்துவிடுவார்கள். எனவே டி.எம். முதலில் இன்னொரு வேலையான க்னோமன்கார்டை நோக்கித் தள்ளுவது நல்லது. அங்கே பேச்சும் தேடலும் அதிகம், பொருள் போல வேடமிடும் ஒரு மிமிக் மட்டும் கடிக்கும்.

அடுத்தது டுவார்வன் எக்ஸ்கவேஷன். அங்கிருக்கும் ஓக்கர் ஜெல்லி என்ற கூழ் அரக்கனை வாளால் வெட்டினால் அது இரண்டாகப் பிரிந்து நிற்கும். கதாயுதம் போன்ற மழுங்கிய ஆயுதம் யாரிடமாவது இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாகசத்தின் முக்கிய எதிரியான வெள்ளை டிராகன் எங்கே இருக்கிறது என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்கச் சொல்கிறது புத்தகம். சுவாரசியமான ஏற்பாடு, ஆபத்தானதும்கூட. அதன் குளிர் மூச்சுக்கு 10டி8 (பத்து டி8) சேதம், சராசரி 45. இரண்டாம் லெவல் குழு மொத்தமும் ஒரே மூச்சில் போய்விடலாம். தொடக்கத்தில் உருட்டலில் டிராகன் வந்தால் தலைக்கு மேலே பறந்து போனதாகச் சொல்லி நிழலை மட்டும் காட்டுங்கள், ஆட்டக்காரர்களுக்குப் பயம் அதிலேயே வந்துவிடும்.

தனி வேலைகளைக் கோர்த்துச் செல்லும் கதை மெலிந்தது. ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் குணம் கூட்ட டி.எம். தன் கையிலிருந்து போட வேண்டும். வாசித்துக் காட்டச் சொல்லிக் கட்டத்துக்குள் தந்திருக்கும் ஆங்கிலப் பகுதிகளை அப்படியே படிக்காமல் தமிழில் சொந்த வார்த்தையில் சொன்னால் மேசை தூங்காது.

இன்னும் இரண்டு விஷயம். பெட்டி 2014 விதிகளின்படி எழுதப்பட்டது. நண்பரிடம் 2024-இன் விதிப் புத்தகம் இருந்தால் கேரக்டர் உருவாக்கும்போது கலக்காதீர்கள். திறன் எண் உயர்வு இதில் இனத்திலிருந்து வருகிறது, அதில் பின்னணியிலிருந்து. அடுத்து, மூன்று தொடர் சாகசங்களை இணையத்தில் திறக்கும் குறியீட்டு எண் பெட்டிக்குள் இருக்கிறது. அது ஒருமுறைதான் செல்லும் என்பதால், பழைய பெட்டி வாங்குபவர்கள் அதைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசுங்கள்.