விசா அசல்தான், எண்ட்ரி ஒன்றுதான்: ஏஜெண்டிடம் ஃபைல் கொடுத்திருப்பவர்கள் படிக்கவும்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். ரோமுக்கு விமானம் கிளம்ப இரண்டே கால் மணி நேரம் இருந்தது. செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் புரட்டி, ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா ஒட்டியிருந்த பக்கத்தில் நிறுத்தினார். எதிர்ப்பக்கத்தில் இருந்த ஸ்டாம்புகளைப் பார்த்தார். மறுபடியும் விசா. என் மனைவியின் பாஸ்போர்ட்டிலும் அதே மாதிரி மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "வேறு ஐரோப்பிய விசா ஏதும் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இதற்கே இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருக்கிறதே என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பேனா முனையை ஸ்டிக்கரில் ஒரு கட்டத்தின் மேல் வைத்தார். அதில் 01 என்று இருந்தது.

அந்த 01-க்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல்தான் நாங்கள் இருவரும் பதின்மூன்று நாள் ஊர் சுற்றியிருக்கிறோம்.

நடந்தது 2024 செப்டம்பரில். அக்கா லண்டனில் இருக்கிறாள். முதலில் பாரிஸ் ஆறு நாள், அங்கிருந்து ரயிலில் லண்டன் போய் அக்கா வீட்டில் ஒரு வாரம், பிறகு விமானத்தில் ரோம் ஆறு நாள், ரோமிலிருந்தே வீடு திரும்புவது. இதுதான் திட்டம். பிரிட்டனுக்குத் தனி விசா, பிரான்சுக்கும் இத்தாலிக்கும் சேர்த்து ஒரு ஷெங்கன் விசா. இரண்டையும் ஒரு ஏஜெண்டிடம் ஒப்படைத்தோம். தெரிந்தவர்கள் மூன்று பேர் அவரிடம் எடுத்திருந்தார்கள், "நூறு சதவீதம் கேரண்டி சார்" என்றார், நம்பினோம். விசா தருவது தூதரகம். அதற்கு ஏஜெண்ட் எப்படி கேரண்டி தர முடியும் என்று அந்த நிமிஷமே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

எங்கள் பயணத் திட்டத்தை ஒரு தாளில் தேதி வாரியாக எழுதிக் கொடுத்தேன். பாரிஸ், லண்டன், ரோம் என்று அம்புக்குறி போட்டு. அவர் அதை மொபைலில் படம் பிடித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து ஃபைல் தயார் என்று கூப்பிட்டார். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. "இங்க ஒரு கையெழுத்து, மேடம் நீங்க இதுல." போட்டோம். கைரேகை கொடுக்க விசா மையத்துக்கு நேரில்தானே போக வேண்டும். அதற்குக் கிளம்பும்போது, "அங்கே நீங்களாக எதுவும் பேசாதீங்க சார், ஃபைலை அப்படியே நீட்டுங்க" என்று சொல்லி அனுப்பினார். அப்படியே நீட்டினோம். வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த ஃபைல் என் மடியில் இருந்தது. பிரித்துப் பார்க்கவில்லை. இந்தப் பதிவில் ஏஜெண்டைத் திட்டும் ஒவ்வொரு இடத்திலும் அந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

விசா வந்துவிட்டது. இரண்டு ஸ்டிக்கரும் அசல், எந்தக் குறையும் இல்லாதவை. அவருக்கு நன்றி சொல்லி, இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

பாரிஸ் நன்றாகவே போனது. ஆறாம் நாள் காலை கார் து நோர் ரயில் நிலையத்தில் யூரோஸ்டார் ஏறப் போனோம். அங்கே ஒரு விசித்திரம். பிரான்சின் வெளியேற்றச் சோதனையும் பிரிட்டனின் நுழைவுச் சோதனையும் அந்த ஒரே நிலையத்தில், சில அடி தூரத்தில் அடுத்தடுத்து நடக்கும். பிரெஞ்சு அதிகாரி ஒரு ஸ்டாம்ப் குத்தினார். கட்டத்தை விட்டு வெளியே போகும் அம்புக்குறி, மூலையில் பொடியாக ஒரு ரயில் படம். விமானம் போட்ட ஸ்டாம்ப்தான் எல்லாரிடமும் இருக்கும், இது ரயில் போட்டது என்று அதைப் படம் பிடித்து குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். எங்கள் விசா உயிரை விட்ட ஸ்டாம்ப் அதுதான்.

விஷயம் எளிமையானது. ஷெங்கன் என்பது இப்போது 29 நாடுகள் சேர்ந்த ஒரே வளாகம் மாதிரி. உள்ளே நுழைந்த பிறகு பிரான்சிலிருந்து இத்தாலி, அங்கிருந்து சுவிட்சர்லாந்து என்று எத்தனை நாடு போனாலும் ஒரே எண்ட்ரிதான். வளாகத்தை விட்டு வெளியே காலை வைத்தால் அந்த எண்ட்ரி முடிந்தது. எங்கள் ஸ்டிக்கரில் இருந்த 01-க்கு அர்த்தம், அப்படி ஒரே ஒரு எண்ட்ரிதான். பிரிட்டன் இந்த வளாகத்தில் என்றைக்குமே இருந்ததில்லை. பிரெக்ஸிட்டுக்குப் பிறகுதான் இப்படி என்று எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இன்னும் வாதம் செய்கிறார். ஐரோப்பிய யூனியனில் இருந்தபோதும் பிரிட்டன் ஷெங்கனில் சேரவில்லை. அயர்லாந்து இன்றைக்கும் யூனியனில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. ஸ்பெயின் போகிறவர்கள் தரிஃபாவில் படகேறி ஒரே பகலில் மொராக்கோவின் டாஞ்சியரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். சிங்கிள் எண்ட்ரி விசாவோடு அந்தப் படகில் ஏறினால் மாலையில் ஸ்பெயினுக்குள் திரும்ப வழியில்லை. பயணத்தின் நடுவில் இஸ்தான்புல்லை எட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே கதிதான்.

ஹீத்ரோவுக்கு வருகிறேன். கவுண்டரிலிருந்தே ஏஜெண்டைக் கூப்பிட்டேன். நான்காவது முறை எடுத்தார். முதலில், "அப்படி இருக்காதே சார்" என்றார். ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினேன். பிறகு, "நீங்க மல்டிபிள் எண்ட்ரி கேட்கவே இல்லையே சார்." கடைசியில் சொன்னதுதான் உச்சம்: "ஒண்ணும் பயப்படாதீங்க, ரோம்ல இறங்கி எமர்ஜென்சின்னு சொன்னா ஏர்போர்ட்லயே விசா அடிச்சுத் தருவாங்க." எல்லையில் விசா கொடுக்கும் விதி ஷெங்கன் சட்டத்தில் இருப்பது உண்மை. முன்கூட்டி விண்ணப்பிக்கவே முடியாத, எதிர்பாராத அவசியம் என்று நிரூபிக்க வேண்டிய விதிவிலக்கு அது. உல்லாசப் பயணிக்கு உதவாது. அதோடு ரோமில் இறங்க முதலில் விமானத்தில் ஏற வேண்டுமே. விமான நிறுவனங்கள் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு பயணிக்கும் என்ன ஆவணம் தேவை என்று பார்த்துத்தான் போர்டிங் பாஸ் தருகிறார்கள். சரியான விசா இல்லாதவரை ஏற்றிப் போனால் அபராதமும் அவர்கள் தலையில், திருப்பி அழைத்து வரும் செலவும் அவர்கள் தலையில். அந்தப் பெண் தன் மேலாளரைக் கூப்பிட்டார், மேலாளர் யாருக்கோ போன் செய்தார், இருபது நிமிஷத்தில் பதில் வந்தது. முடியாது.

அடுத்த அடிகள் அன்று மாலையே வரிசையாக விழுந்தன. ரோம் ஓட்டல் பணம் திரும்பாத வகை. ரோமிலிருந்து வீடு திரும்பும் டிக்கெட், நாங்கள் அங்கே போய்ச் சேராததால் வீண். ஏற்ற மறுத்ததற்கு நஷ்ட ஈடு கேட்கலாம் என்று அக்கா கணவர் 261 ஆம் எண் விதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் விமானத் தாமதத்துக்கும் மறுப்புக்கும் பணம் வாங்கித் தரும் விதி அது. ஆனால் பயண ஆவணம் போதாமல் மறுத்தால் அது மறுப்புக் கணக்கில் வராது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பயணக் காப்பீட்டிலும் அதையேதான் வேறு வார்த்தையில் எழுதியிருந்தார்கள்.

இரவில் திரும்புவதற்கு டிக்கெட் தேடினோம். இருப்பதிலேயே மலிவானதை அக்கா கிளிக் செய்யப் போனாள். அதில் இரண்டு தனித்தனி டிக்கெட், நடுவில் ஒரு ஷெங்கன் விமான நிலையத்தில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் போட வேண்டும். பெட்டியை எடுப்பது என்றால் இமிக்ரேஷனைத் தாண்டி உள்ளே நுழைவது. "அக்கா, கையை எடு" என்று கத்தியேவிட்டேன். அன்று காலை பட்டது அதற்காவது உதவியது. ஐரோப்பாவில் எங்கேயும் நிற்காத டிக்கெட்டாகப் பார்த்து, கூடுதல் பணம் கொடுத்து வாங்கினோம்.

வீடு வந்த மறுநாள் ஏஜெண்ட் அலுவலகத்தில் உட்கார்ந்து, சமர்ப்பித்த ஃபைலின் முழு நகல் வேண்டும், இல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். முக்கால் மணி நேரம் கழித்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். பாரிஸ் ஆறு நாள், ரோம் ஆறு நாள், நடுவில் பாரிஸிலிருந்து ரோமுக்கு நேர் விமானம். லண்டன் என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. போகவே போகாத அந்த விமானத்துக்கு எங்கள் பெயரில் ஒரு டம்மி டிக்கெட். நாங்கள் தங்காத ஓட்டல்களில் முன்பதிவு, பாஸ்போர்ட் கைக்கு வந்த மறுநாளே அவை ரத்து. எத்தனை நுழைவு வேண்டும் என்ற கேள்வியில் ஒன்று, இரண்டு, பல என மூன்று கட்டங்கள் இருக்கின்றன. டிக் விழுந்திருந்தது ஒன்றில். தூதரகத்தைக் குறை சொல்ல வாயே இல்லை. கேட்டதைக் கேட்டபடி கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் இப்படிச் செய்தார் என்று அங்கே வேலை பார்க்கும் பையனிடம் தனியாகக் கேட்டேன். லண்டனைச் சேர்த்தால் கவரிங் லெட்டரைப் புதிதாக எழுத வேண்டும், பாரிஸ்–ரோம் லெட்டர் ஏற்கனவே கம்ப்யூட்டரில் இருக்கிறது, பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும் என்றான். அவ்வளவுதான் காரணம். ஏதோ பெரிய சூழ்ச்சி இருக்கும் என்று நினைத்துப் போனவனுக்கு அந்தச் சோம்பேறித்தனம் இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. இத்தனைக்கும் பிரிட்டன் விசா எங்களுக்கு முதலிலேயே வந்திருந்தது. அதைக் காட்டி, நடுவில் லண்டன் போகிறோம், இரண்டு எண்ட்ரி வேண்டும் என்று உண்மையை எழுதுவதை விடச் சுலபமான கோரிக்கை இருக்க முடியாது.

என் கையெழுத்துக்கு மேலே இருந்ததை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் படித்தேன். பொய்யான தகவல் கொடுத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், கொடுத்த விசாவும் ரத்தாகும், வழக்கும் வரலாம் என்று எனக்குத் தெரியும் என நான் உறுதி சொல்லியிருக்கிறேன். பாரிஸில் இறங்கியபோது இமிக்ரேஷனில் ஓட்டல் ரசீதையும் ரோம் டிக்கெட்டையும் கேட்டிருந்தால், ஃபைலில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நின்றிருப்போம். அந்த விண்ணப்பத்தில் ஏஜெண்டின் பெயர் எந்த மூலையிலும் இல்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. இவர் ஆளுக்கு வாங்கியது விசாக் கட்டணத்தைப் போல் இரண்டரை மடங்கு. அதில் 'அப்பாயிண்ட்மெண்ட் சார்ஜ்' என்று ஒரு வரி. அப்பாயிண்ட்மெண்டை நாமே ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பது பிறகு தெரிந்தது. போதாததற்கு, சிங்கப்பூர் வருகை அட்டைக்கும், 2025 மே முதல் தாய்லாந்து கேட்கும் டிஜிட்டல் அட்டைக்கும் இதே ஆள் கட்டணம் வாங்குவதாகக் கேள்விப்பட்டேன். இரண்டும் அந்தந்த அரசின் தளத்தில் இலவசம்.

இப்போது யாருடைய பாஸ்போர்ட்டாவது கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது அந்த நுழைவுக் கட்டத்தைத்தான். 01, 02, மல்ட் (பல நுழைவு), இந்த மூன்றில் ஒன்று இருக்கும். பக்கத்தில் இன்னொரு பொறியும் உண்டு. விசா செல்லும் முதல் தேதி, கடைசித் தேதி என்று இரண்டு இருக்கும், தங்கக்கூடிய நாட்கள் என்று தனியாக ஒரு எண்ணும் இருக்கும். பயணம் தள்ளிப்போனால் சமாளிக்க 15 நாள் கூட்டித்தான் பொதுவாக அந்தத் தேதிகளைப் போடுவார்கள். தேதி இருபத்தெட்டு நாள் நீண்டாலும் தங்கும் நாட்கள் 13 என்றால் 13-தான், இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதற்குள் அடக்கம். முன்பு ஸ்டாம்பை வைத்து விரல் விட்டு எண்ணினார்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில் கம்ப்யூட்டரே எண்ணிவிடுகிறது.

ஏஜெண்டிடம் ஃபைல் கொடுத்துவிட்டு விசா மையத்துக்குப் போகும் நாளுக்காகக் காத்திருப்பவர்கள், நிரப்பிய விண்ணப்பத்தின் பிடிஎஃபை இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று இழுத்தால் ஃபைலைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். என்னிடம் இருக்கும் ஒரே ரசீது, 'கன்சல்டிங்' என்று மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று கடிதம் அனுப்பினேன். இரண்டாவதற்கு வாட்ஸாப்பில் பதில் வந்தது: அப்பாயிண்ட்மெண்ட் சார்ஜை மட்டும் தருகிறாராம், பதிலுக்கு கூகுளில் போட்ட ரிவ்யூவை நான் நீக்க வேண்டுமாம். நீக்கவில்லை. போன மாதம் அதே எண்ணிலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. 'ஐரோப்பா கோடைச் சிறப்புச் சலுகை, பாரிஸ்–ரோம், விசா கேரண்டி.'