உடற்பயிற்சிக் கூட மென்பொருள்: வருகைப் பதிவுக்குச் சிறப்பு, வருவாய்க் கணக்குக்கு ஆகாது

திருப்பூரில் கடந்த ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு நான் கணக்கு எழுதுகிறேன். உறுப்பினர் பதிவு, ரசீது, சலுகை, வருகை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளும் என்று விற்கப்பட்ட மென்பொருள் ஒன்றைத்தான் அங்கே முதல் நாளிலிருந்து பயன்படுத்துகிறோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கைரேகைக் கருவியோடு அது பிசகில்லாமல் இணைந்துகொள்கிறது. 12 அமர்வுகளுக்குச் சேர்த்துப் பணம் கட்டியவர் எத்தனை அமர்வுகளை முடித்திருக்கிறார் என்பதைத் துல்லியமாகக் காட்டுவதால், தனிப் பயிற்சிக் கட்டணத்தில் அந்தந்த மாதத்துக்கு உரிய வருவாயைப் பிரிக்க எனக்குச் சிரமமே இல்லை.

சிக்கல் ஆண்டுச் சந்தாவில்தான். தொடக்கச் சலுகையாக, 12,000 ரூபாய்க்கு 12 மாதத்தோடு 3 மாதம் இலவசம் என்று அறிவித்தோம். முதல் நாளிலேயே 40 பேர் சேர்ந்தார்கள். அன்று மாலை முகப்புத் திரையில் "இம்மாத வருமானம் ரூ.4,80,000" என்று பச்சை எழுத்தில் மின்னியதைப் பார்த்த உரிமையாளர், "இன்னொரு ட்ரெட்மில் எடுத்துடலாமா சார்?" என்று கேட்டார். உண்மையில் அந்தப் பணம் 15 மாதச் சேவைக்கானது. குறிப்பிட்ட காலச் சேவைக்கு உரிமை தரும் உறுப்பினர் கட்டணத்தை அக்காலம் முழுவதும் முறையாகப் பரப்பி எழுத வேண்டும் என்கிறது, வருவாயை எப்போது கணக்கில் எழுதலாம் என்று சொல்லும் கணக்கியல் தரம் 9. அந்தக் கணக்கில் ஒருவருக்கு மாதம் 800 ரூபாய், 40 பேருக்கு 32,000 ரூபாய்தான் ஜனவரி வருவாய்; மீதி 4,48,000 ரூபாய் முன்கூட்டிப் பெற்ற வருமானம், அதாவது இனிமேல் சேவையாகத் தீர்க்க வேண்டிய கடன்; கணக்கில் இதைப் பொறுப்பு என்போம்.

ஆனால் ஜிஎஸ்டி இப்படிக் காத்திருக்காது. முன்பணம் வாங்கியபோதே முழுத் தொகைக்கும் வரி சேர்ந்துவிடும். 5 விழுக்காட்டில் 24,000 ரூபாயை அந்த மாதக் கணக்கிலேயே காட்டினோம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தச் சேவைக்கான வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. கூடவே உள்ளீட்டு வரி வரவும், அதாவது நாம் வாங்குவதற்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியும், போயிற்று. மென்பொருளுக்கு முதல் பாதி மட்டும் தெரிந்திருக்கிறது. கருவிப் பராமரிப்புக்கு வந்த பில்லில் உள்ள வரியைச் செலவோடு சேர்க்காமல், திரும்பக் கிடைக்கும் தொகை என்றே இன்னமும் ஒதுக்கிவைக்கிறது. இதைக் கவனிக்காமல் தாக்கல் செய்பவர் பிறகு வட்டியோடு கட்ட நேரிடும்.

சேர்க்கைக் கட்டணம் 1,000 ரூபாயைத் தொடக்கக் காலத்தில் யாரிடமும் வாங்கவில்லை. மென்பொருளோ அதை வருமானத்தில் ஒருமுறை, "தள்ளுபடிச் செலவு" என்று மறுபக்கம் ஒருமுறை எழுதி இரண்டையும் ஊதிக் காட்டுகிறது. பில்லிலேயே கழித்துக் காட்டிய தள்ளுபடிக்கு வரி போடாமல் விட்டதே ஆறுதல்.

நண்பரை அழைத்து வந்தவருக்கு ஒரு மாதம் இலவசம் என்ற சலுகைக்கு, பூஜ்ய ரூபாய் ரசீது ஒன்றைப் போட்டு முடிவுத் தேதியை நீட்டுவதோடு சரி. நான் அந்த 800 ரூபாயை விளம்பரச் செலவில் பற்று, முன்கூட்டிப் பெற்ற வருமானத்தில் வரவு வைக்கிறேன்; அதாவது ஒருபக்கம் செலவு, மறுபக்கம் இன்னும் தர வேண்டிய சேவை. முதல் நாளில் சேர்ந்த ஒருவருக்கு, மூன்றாவது மாத முடிவில் நிலுவையில் இருந்த 9,600 ரூபாய் 10,400 ஆகி, மீதமுள்ள 13 மாதங்களுக்கும் அதே 800 வீதம் சரியாகப் பிரிகிறது. நீட்டித்த காலத்துக்கு நிலுவையைப் பரப்பினால் போதும் என்பாரும் உண்டு; ஆனால் ஆள் பிடித்துத் தந்ததற்கான கூலி எவ்வளவு என்பது அதில் கண்ணுக்குத் தெரியாது.

வாடிக்கையாளர் சேவையில் மூன்று முறை கேட்டும், "ரிப்போர்ட்டை எக்செலில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதே பதில். அப்படியே எடுத்து, மாதக் கடைசியில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரே குறிப்பேட்டுப் பதிவாக எழுதுகிறேன். வேலை அரைநாள் பிடிக்கிறது. அடுத்த ஆண்டு வருகைப் பதிவுக்கான குறைந்த கட்டணத் திட்டத்தை மட்டும் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது ட்ரெட்மில் இதுவரை வாங்கப்படவில்லை.