பேட்டரி கார் ஊர்ந்து போகிறதா? முறுக்கித் துடைப்பதா, பேட்டரியா, லித்தியமா, கன்ட்ரோலரா

வேலூரில் இதை யாரும் கோல்ஃப் கார்ட் என்று சொல்வதில்லை. காட்பாடிப் பக்கத்துக் கல்லூரி வளாகத்தில் ஓடினாலும், ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலும், ஏலகிரி விடுதியில் மேடேறினாலும் அது ‘பேட்டரி கார்’தான். சாதாரண 48 வோல்ட் வண்டி புதிதில் சமதரையில் மணிக்கு 19 முதல் 24 கிலோமீட்டர் போகும். அது 10, 12-க்கு இறங்கி, பின்னால் வரும் சைக்கிள்காரர் மணியடித்து ஒதுங்கச் சொல்லும் நிலை வந்ததும் நான்கு யோசனைகள் கிளம்பும். டெர்மினலைத் துடைத்து, நட்டை முறுக்கிப் பார்க்கலாம் என்பார் டிரைவர். பேட்டரி செட்டையே மாற்று என்பார் கடைக்காரர். லித்தியம் போட்டுவிடலாம் என்பார் பணம் ஒதுக்குகிறவர். மோட்டாருக்குப் போகும் கரண்டை அளந்து கொடுக்கும் பெட்டியான கன்ட்ரோலரைப் பெரிதாகப் போட்டால் பறக்கும் என்பார் மெக்கானிக். நான்கும் அதனதன் இடத்தில் சரி. தப்பான இடத்தில் போட்டால் லித்தியம்கூட வேகத்தைத் திருப்பித் தராது.

முதலில், எந்த மாதிரி மெதுவு?

சார்ஜரிலிருந்து கழற்றிய அடுத்த நிமிடமே, ஆள் ஏறாத வண்டியிலும், பாதி வேகம்தான் என்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். பெடல் சென்சார், மோட்டார் வாலில் இருக்கும் ஸ்பீடு சென்சார், கன்ட்ரோலர் செட்டிங், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். சமதரையில் நன்றாகப் போய் மேட்டில் மட்டும் செத்துப் போகிறது என்றால் ஒரு பேட்டரி பலவீனம், அல்லது எங்கோ ஒரு இணைப்பு தளர்ச்சி.

காலையில் ஓடி மதியம் தளர்வது பேட்டரியின் குணம் என்று எல்லோரும் சொல்வார்கள். வேலூரில் அது பாதி உண்மை. கன்ட்ரோலரின் அலுமினியத் தட்டு சுமார் 85 டிகிரியைத் தொட்டால் கர்ட்டிஸ் வகைக் கன்ட்ரோலர்கள் தாமாகவே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். மே மாத வெயில், சீட்டுக்கு அடியில் காற்றோட்டம் இல்லாத பெட்டி, தட்டின் மேல் அரை அங்குலப் புழுதி, இந்த மூன்றும் சேர்ந்தால் பேட்டரி நன்றாக இருந்தாலும் இரண்டு மணிக்கு வண்டி மந்தமாகும். அரை மணி நேரம் வேப்பமர நிழலில் நிறுத்தினால் தேறும். சோர்ந்த பேட்டரியும் ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் தேறத்தான் செய்யும். ஆகவே நிழலை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. மந்தமாக ஓடும்போதே வோல்ட் பார்க்க வேண்டும். வோல்ட் இறங்கவில்லை, வேகம் மட்டும் இறங்குகிறது என்றால் சூடுதான்.

பார்க்கும் முறை இது. இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, ஐந்தாறு மணி நேரம் சும்மா விட்டபின் 48 வோல்ட் லெட் ஆசிட் செட் 50.9 வோல்ட் காட்ட வேண்டும். 48.4 என்றால் பாதிதான் ஏறியிருக்கிறது, சார்ஜரைச் சந்தேகியுங்கள். ஆனால் நின்ற வண்டியின் வோல்ட்டை வைத்து மட்டும் முடிவு செய்வது, உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து ஓட்டப் பந்தயத்துக்குத் தேர்வு செய்வது மாதிரி. மல்டிமீட்டரைச் செட்டின் இரு முனையிலும் கிளிப் போட்டு, ஆட்களை ஏற்றி, ஒரு மேட்டில் முழுப் பெடல் மிதியுங்கள். 46, 47-க்கு இறங்குவது இயல்பு. 42-க்குக் கீழே விழுந்தால், அதாவது செட்டின் 24 செல்லில் ஒரு செல்லுக்கு 1.75 வோல்ட்டுக்குக் கீழே போனால், பேட்டரி களைத்துவிட்டது. அடுத்து அதே லோடில் ஒவ்வொரு பேட்டரியாகப் பாருங்கள். ஆறு 8 வோல்ட் பேட்டரி கொண்ட செட்டில் மற்றவை 7.6-இல் நிற்க, ஒன்று மட்டும் 7-க்கு இறங்கினால் குற்றவாளி அதுதான்.

மோதிரம், கைச்சங்கிலி, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கை வையுங்கள். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்பார்கள்; ஸ்பேனர் இரண்டு முனையைத் தொட்டால் ஸ்பேனரே உருகும். சார்ஜ் ஏறும் பெட்டியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி கூடாது.

முறுக்கித் துடைப்பது

நான்கில் செலவு குறைந்தது இது. வேலை செய்யும் வாய்ப்பும் பலர் நினைப்பதைவிட அதிகம். கணக்கு எளிது. மேட்டில் 200 ஆம்பியர் ஓடுகிறது. ஒரே ஒரு இணைப்பில் 5 மில்லி ஓம் தடை இருந்தாலும் 1 வோல்ட் அங்கேயே போய்விடும், கூடவே 200 வாட் சூடு. அப்படி நான்கு டெர்மினல் பச்சை பூத்திருந்தால் மோட்டாருக்கு 4 வோல்ட் குறைவாகப் போகும். புது பேட்டரி போட்டாலும் அந்த 4 வோல்ட் திரும்பி வராது. பழைய கேபிளையே திரும்பப் போட்டுவிட்டு, “புது பேட்டரியும் சரியில்லை” என்று கடையில் சண்டை போடுவது இப்படித்தான் தொடங்குகிறது.

லோடில் ஒவ்வொரு இணைப்புக் கேபிளின் இரு முனை ஈயத் தூண்களுக்கும் இடையே மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்து, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, காயவைத்து மாட்டுங்கள். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக் கூடாது. மூடிகளை இறுக்கிய பிறகே கழுவ வேண்டும். கேபிள் முனையில் உள்ள வளையமான லக் சூடாகி நிறம் மாறியிருந்தால் கேபிளையே மாற்றுவது நல்லது. 25 அல்லது 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், ஹைட்ராலிக் கிரிம்ப் போட்டது. சுத்தியலால் தட்டி நசுக்கிய லக் ஆறு மாதத்தில் பழைய கதைக்கே வரும். நட்டை ஆத்திரத்தோடு முறுக்கினாலும் வம்புதான், ஈயத் தூண் உள்ளேயே ஆடிப் போகும்.

பேட்டரி கரண்டைத் திறந்துவிடும் பெரிய சுவிட்சான சொலினாய்டையும் விடாதீர்கள். பெடல் மிதித்தபடி அதன் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 0.3-க்கு மேல் போனால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறது. டிசி மோட்டார் வண்டியில் கார்பன் பிரஷ் தேய்ந்து ஸ்பிரிங் தளர்ந்தாலும் மேட்டில்தான் முதலில் தெரியும்.

பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றிப் பாருங்கள். டிரம் உரசும் சத்தம் கேட்டால் பிரேக் கேபிள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கிறது. மழைக்காலம் முடிந்ததும் இது சகஜம். 8 அங்குல ரிம்மில் வரும் வழக்கமான டயருக்குக் காற்று 20 பிஎஸ்ஐ அளவில் போதும். 10-க்கு இறங்கினால் வண்டி மணலில் ஓடுவது மாதிரி இழுக்கும். சக்கரம் தூக்கியிருக்கும்போது சீரீஸ் வகை டிசி மோட்டார் வண்டியை முழுப் பெடலில் ஓட்டவே கூடாது. லோடு இல்லாத சீரீஸ் மோட்டார் தறிகெட்டுச் சுற்றி ஆர்மேச்சரை வீசிவிடும்.

சென்சாரா, கன்ட்ரோலரா?

‘கன்ட்ரோலர் வீக்’ என்ற தீர்ப்பை நம்பத் தயங்குங்கள். கன்ட்ரோலர் போனால் பெரும்பாலும் முழுசாகப் போகும். பாதி வேகத்தில் ஓடுவது அதன் வழக்கமில்லை. பாதி வேகத்தில் ஓடச் சொல்லி அதற்கு யாரோ தகவல் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ‘யாரோ’ அநேகமாகப் பெடல் சென்சார். 0–5 கிலோ ஓம் வகையானால் பிளக்கைக் கழற்றி, ஓம் மீட்டர் வைத்துப் பெடலை மெல்ல அழுத்துங்கள். எண் தடையில்லாமல் ஏறி 5 கிலோ ஓம் பக்கம் போக வேண்டும். 3.5-இல் நின்றுவிட்டால் கன்ட்ரோலருக்கு உங்கள் கால் முக்கால் பெடலில் இருப்பதாகத்தான் தெரியும். நடுவில் எண் குதித்தால் உள்ளே தடம் தேய்ந்திருக்கிறது. பெடலுக்கு அடியில் ரப்பர் மிதியடி சிக்கி முழுசாக இறங்காமல் இருப்பதும் உண்டு, அதை முதலில் பாருங்கள். ஸ்பீடு சென்சார் போன வண்டியைக் கன்ட்ரோலர் பாதுகாப்புக்காகத் தானே மெதுவாக்கும். ஏசி மோட்டார் வண்டியில் சுழற்சியை அளக்கும் என்கோடரில் பிழை வந்தாலும் இதே கதை. டேஷ்போர்டில் சிமிட்டும் விளக்கின் கணக்கை எண்ணி, கையேட்டில் பிழை எண்ணைப் பாருங்கள்.

300 ஆம்பியர் கன்ட்ரோலரைக் கழற்றி 500 ஆம்பியர் போடுவதால் இழுவை கூடும், உச்ச வேகம் கூடாது. களைத்த பேட்டரியிலிருந்து அது இன்னும் அதிகக் கரண்ட் உறிஞ்ச, வோல்ட் இன்னும் விழும். 18 அங்குல டயரை 20 ஆக்கினால் வேகம் 11 சதவீதம் ஏறும், இழுவை ஏறக்குறைய அதே அளவு குறையும். சமதரை வளாகத்தில் சரி, ஏலகிரியில் வேண்டாம். இந்த வண்டிகள் பலவற்றில் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம்.

பேட்டரிதான் என்று முடிவானால்

முடிவுக்கு முன், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். முழுச் சார்ஜில் 1.265 முதல் 1.280. கருவி 27 டிகிரிக்குக் குறித்தது. அதற்கு மேல் ஒவ்வொரு 5.5 டிகிரிக்கும் 0.004 கூட்டிக்கொள்ளுங்கள். ஆசிட் 43 டிகிரியில் இருந்தால் 1.255 காட்டினாலும் உண்மையில் அது 1.267, நல்ல செல். இந்தத் திருத்தம் தெரியாமல் கோடையில் நல்ல பேட்டரியைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. செல்லுக்குச் செல் வித்தியாசம் 0.030-ஐத் தாண்டினால் எல்லாச் செல்லும் சமமாகும்படி கூடுதலாக ஏற்றும் ஈக்வலைஸ் சார்ஜ் கொடுங்கள். அதன் பிறகும் 0.050 நின்றால் அந்தச் செல் போய்விட்டது. செட் புதிதென்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். மூன்று வருடச் செட்டில் ஒன்று மட்டும் புதிது போட்டால், பழையவை புதியதையும் தங்கள் வயசுக்கு இழுத்துக்கொள்ளும்.

| | ஃப்ளடட் லெட் ஆசிட் (6 × 8 வோல்ட்) | இன்வெர்ட்டர் டியூபுலர் (4 × 12 வோல்ட்) | லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (51.2 வோல்ட்) |
|---|---|---|---|
| மொத்த எடை | சுமார் 170 கிலோ | அதைவிடக் கூடுதல் | சுமார் 50 கிலோ (105 ஏஎச், அதாவது ஆம்பியர்-மணி) |
| 200 ஆம்பியரில் | ஓரளவு தாங்கும் | வோல்ட் சட்டென விழும் | பிஎம்எஸ் (பேக்கின் உள்ளிருக்கும் காவல் சர்க்யூட்) அனுமதித்தால் வோல்ட் அசையாது |
| தண்ணீர் | கோடையில் வாரம் ஒருமுறை பார்க்க | பார்க்க வேண்டும் | இல்லை |
| பழைய சார்ஜர் | அதுவே போதும் | அளவு பார்த்து | கூடாது, 58.4 வோல்ட் தனி |
| தீரும்போது | மெல்லத் தளரும் | சீக்கிரம் தளரும் | சட்டென நிற்கும் |

இன்வெர்ட்டர் பேட்டரி யோசனை விலையில் கவரும். அது மணிக்கணக்கில் மின்விசிறிக்கு நிதானமாகக் கரண்ட் கொடுக்கச் செய்தது. மேட்டில் கேட்கும் 200 ஆம்பியர் அதன் வேலையில்லை. உயரமும் சீட்டுக்கு அடியில் இடிக்கும். இ-ரிக்‌ஷா பேட்டரியும் சுமார் ஒரு கிலோவாட் மோட்டாருக்கு அளந்தது. மூன்று, நான்கு கிலோவாட் வண்டியில் அதன் ஆயுள் பாதியில் முடியும். இரண்டையும் தவிர்க்கலாம்.

லெட் ஆசிட்டில் லேபிள் ஏஎச்சைப் பார்த்து ஏமாற வேண்டாம். ட்ரோஜன் டி-105 என்ற 6 வோல்ட் பேட்டரிக்கு 20 மணி நேரக் கணக்கில் 225 ஏஎச். 75 ஆம்பியர் தொடர்ந்து எடுத்தால் 115 நிமிடம்தான், அதாவது சுமார் 144 ஏஎச். அதிலும் தினம் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் சுருங்கும். வெயிலூர் என்று கேலி பேசும் ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு: 25 டிகிரிக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட் ஆசிட்டின் ஆயுள் பாதியாகும். தண்ணீர் இன்னொரு வில்லன். பாலாற்றுப் படுகையில் போர் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைப் பக்கங்களில் இன்னும் மோசம். கேன் தண்ணீரும் ஆகாது, டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. தட்டு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவு ஊற்றிச் சார்ஜ் போட்டு, மீதியைச் சார்ஜ் முடிந்தபின் ஊற்றுங்கள். முன்னாடியே நிரப்பினால் ஆசிட் பொங்கி வழிந்து டெர்மினலைத் தின்னும்.

லித்தியத்தின் உண்மையான லாபம் உச்ச வேகமல்ல. காலை 8 மணி வேகம் மாலை 5 மணிக்கும் அப்படியே இருக்கும். எடையும் 120 கிலோ குறைகிறது, இரண்டு பயணிகள் இறங்கிய மாதிரி. ஆனால் வாங்கும்போது கேட்க வேண்டியது ஏஎச்சை அல்ல, பிஎம்எஸ்சின் ஆம்பியரை. தொடர்ந்து 150 முதல் 200, சில விநாடிக்கு 300-க்கு மேல் தாங்க வேண்டும். இன்வெர்ட்டருக்குச் செய்த 100 ஆம்பியர் பிஎம்எஸ் பேக்கை மாட்டினால், ஆட்களோடு மேடேறும்போது அது தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளும். வண்டி பின்னால் உருளும். மெதுவாகப் போன வண்டியைவிட அது ஆபத்து. கன்ட்ரோலர் 58.4 வோல்ட்டைத் தாங்குமா என்று அதன் லேபிளில் பார்க்க வேண்டும். மலைமேல் சார்ஜ் போட்டு இறங்கும் வண்டியில் ரீஜென் பிரேக் (பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே பேட்டரிக்குக் கரண்ட் திருப்பி அனுப்புவது) இருந்தால் பேக்கை 100 சதவீதம் நிரப்பாதீர்கள். 90-இல் நிறுத்தினால்தான் இறக்கத்தில் திரும்பி வரும் கரண்டுக்கு இடமிருக்கும். வோல்ட் வைத்து ஓடும் பழைய மீட்டர் கடைசி வரை ‘ஃபுல்’ காட்டிவிட்டுக் கவிழ்க்கும், லித்தியத்துக்கான மீட்டரும் சேர்த்து வாங்குங்கள்.

நாள் முழுக்க ஓயாமல் ஓடும் ஆஸ்பத்திரி, கல்லூரி வண்டிக்கு லித்தியமே சரி. தண்ணீர் ஊற்ற ஆள் நினைவு வைத்துக்கொள்ளும் தலைவலி போகும். சனி, ஞாயிறு மட்டும் ஓடும் விடுதி வண்டிக்கு 8 வோல்ட் லெட் ஆசிட் செட்டும் நல்ல கேபிளும் போதும். எதை எடுத்தாலும் பழைய ஆறு பேட்டரியைச் சும்மா விட்டுவிடாதீர்கள். 170 கிலோவில் பெரும்பங்கு ஈயம், எடைக்கு விலை உண்டு. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதை முறையான சேகரிப்பு வழியில்தான் கொடுக்க வேண்டும். புது செட்டின் பில்லில் கழித்துத் தரச் சொல்லி, விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.