கடற்பஞ்சா, கடற்பாசியா: வைரஸ் எதிர்ப்பு ஆய்வுக்கு எதை எடுப்பது?

மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து வைரஸ் எதிர்ப்புச் சேர்மங்களைத் தேடப் புறப்படும் ஆய்வு மாணவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, கடலடியில் ஒட்டி வாழும் விலங்கான கடற்பஞ்சை எடுப்பதா, கடல் நீரில் வளரும் கடற்பாசியை எடுப்பதா என்பதுதான். என் முனைவர் பட்ட ஆய்வில் முதல் எட்டு மாதங்கள் பஞ்சோடும் அடுத்த நான்கு ஆண்டுகள் பாசியோடும் கழிந்தன. ஆகவே நான் நடுநிலையாளன் அல்லன். பாசியின் பக்கமே சாய்ந்து எழுதுகிறேன்.

புகழில் பஞ்சுதான் மூத்தது. 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன், ராபர்ட் ஃபீனி இருவரும் ஃபுளோரிடா கடலில் எடுத்த ஒரு பஞ்சிலிருந்து, வழக்கமான சர்க்கரைக்குப் பதிலாக அரபினோஸ் என்னும் வேறொரு சர்க்கரை அமைந்த நியூக்ளியோசைடுகளை, அதாவது மரபுப்பொருளின் கட்டுமானக் கூறுகளைப் போன்ற சேர்மங்களை, பிரித்தெடுத்தார்கள். சர்க்கரையை மாற்றினால் மரபுப்பொருள் நகலெடுப்பையே தடுக்கலாம் என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. இரத்தப் புற்றுக்கான சைட்டராபினும் ஹெர்பிஸ் வைரஸுக்கான விடராபினும் அந்த வழியில் வந்த மருந்துகளே. பஞ்சுச் சேர்மம் சிறு மூலக்கூறு. அதன் எடை, அமைப்பு, அது போய் ஒட்டும் இடம் அனைத்தையும் துல்லியமாகச் சொல்லிவிட முடியும். இந்த ஒன்றில் பாசி அதற்கு ஈடாகாது.

ஆனால் ஆய்வின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது துல்லியம் அன்று; அதே மூலப்பொருள் மறுபடியும் கிடைக்குமா என்பதே. நியூசிலாந்துப் பஞ்சு ஒன்றை ஒரு டன் அளவுக்குச் சேகரித்தபோது கிடைத்த ஹாலிகாண்ட்ரின் பி என்னும் புற்றெதிர்ப்புச் சேர்மம் ஏறத்தாழ 300 மில்லிகிராம் மட்டுமே. அதன் வழித்தோன்றலான எரிபுலின் 2010இல் புற்றுநோய் மருந்தாக அங்கீகாரம் பெற்றது, ஆய்வகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட படிகளில் அதைச் செயற்கையாகக் கட்டியெழுப்ப முடிந்ததால்தான். போதாததற்கு, பல சேர்மங்களை உருவாக்குவது பஞ்சு அன்று, அதனுள் குடியிருக்கும் நுண்ணுயிரிகள். வலையில் சிக்கிய பஞ்சுகளை மீனவர்களிடம் வாங்கி நான் தயாரித்த முதல் சாறு வைரஸை நன்றாகத் தடுத்தது. மூன்று மாதம் கழித்து, நிறத்திலும் வடிவிலும் அதே போலிருந்த பஞ்சின் சாறு ஒன்றுமே செய்யவில்லை. வேறு இனமா, உள்ளிருந்த நுண்ணுயிரிகள் மாறிவிட்டனவா என்று பிரித்தறிய என்னிடம் அந்தப் பஞ்சு ஒரு கைப்பிடிகூட மிச்சமில்லை. 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி நினைத்தபோது இறங்கி எடுக்கவும் முடியாது, எடுக்கவும் கூடாது.

பாசிக்கு மாறிய பிறகு இந்தக் கவலை பெரிதும் தீர்ந்தது. சர்காசம் என்னும் கட்டக்கோரையும், டர்பினேரியா என்னும் பக்கோடா பாசியும் ஆல்ஜினேட் என்னும் கூழ்மப்பொருள் தயாரிப்புக்காக ஏற்கெனவே விலைபோகிறவை, மூட்டையாகவே வாங்கலாம். நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பொடித்து, எத்தனாலில் நிறத்தை இறக்கி, வெந்நீரில் சாறெடுத்து, கால்சியம் குளோரைடு சேர்த்து ஆல்ஜினேட்டைப் படியவைத்து நீக்கிய பின், தெளிந்த நீரில் மீண்டும் எத்தனாலை ஊற்றினால் பஞ்சுப்பொதி போல வெளிர்பழுப்பாய் மிதந்து திரளுவதுதான் ஃபியூகாய்டன் என்னும், சல்பேட் ஏறிய நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அதன் சல்பேட் தொகுதிகளுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. பல வைரஸ்கள் முதலில் பற்றும் செல்பரப்பின் ஹெபரான் சல்பேட்டைப் போலவே அது தோன்றுவதால், வைரஸ் செல்லை விட்டுவிட்டு இதைப் பற்றிக்கொள்கிறது. எனவே நேரம் முக்கியம். ஃபியூகாய்டனை ஹெர்பிஸ் வைரஸோடு சேர்த்தே இட்ட செல் வளர்ப்புக் கிண்ணங்களில், வைரஸ் செல்களை அழித்த நோய்ப்புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன. இரண்டு மணி நேரம் தாமதித்து இட்டவற்றில் குறையவே இல்லை என்றே சொல்லலாம்.

மனிதர்களிடம் செய்த சோதனைகளும் இதையே காட்டுகின்றன. சிவப்புப் பாசியில் கிடைக்கும், இதே போல் சல்பேட் ஏறிய சர்க்கரைச் சங்கிலியான அயோட்டா கராஜீனனை மூக்கில் தெளித்து அர்ஜென்டினாவில் 394 மருத்துவப் பணியாளர்களிடம் சோதித்தபோது, தெளித்துக்கொண்டவர்களில் 1 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் கொரோனா வந்தது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. தடுப்புக்காக ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்த கராஜீனன் களிம்பு, பாதுகாப்பானது என்றாலும் தொற்றைத் தடுக்கவில்லை என்று 2008இல் தெரியவந்தது. வாசலில் காவல் நிற்கும் பொருள் இது. வாசல் எது, வைரஸ் எது என்பதைப் பொறுத்தே பலன்.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தத் திறனை அளக்கப் பயன்படும் டி.பி.பி.எச். என்னும் வேதிப்பொருளின் கரைசல் ஊதாவிலிருந்து மஞ்சளாக வெளுப்பதைப் பார்த்து, நானும் முதல் ஆண்டில் ஃபியூகாய்டனே அதைச் செய்வதாக எழுதிவிட்டேன். மேலும் தூய்மைப்படுத்தியபோது அந்தத் திறன் பாதிக்கும் கீழே போயிற்று. வேலை செய்தது அதோடு ஒட்டிக்கொண்டு வந்த புளோரோடானின் என்னும் பீனால் சேர்மங்கள். குழாய்க்குள் நிறம் வெளுப்பதை உடலுக்கான நன்மை என்று விற்பவர்களை நம்ப வேண்டாம்.

பாசியின் குறைகளையும் மறைக்க மாட்டேன். மூலக்கூறின் நீளம் ஒரே சீராக இராது, சல்பேட் அளவு பருவத்துக்குப் பருவம் மாறும், ஹெபாரின் என்னும் மருந்தைப் போல இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் குணமும் உண்டு, விழுங்கினால் குடலில் அதிகம் உறிஞ்சப்படாது. பாக் நீரிணையில் மூங்கில் தெப்பங்களில் 45 நாளுக்கொருமுறை அறுவடையாகும் கப்பாபைகஸ் என்னும் சிவப்புப் பாசி சீரான வரத்துத் தருகிறது. ஆனால் அதிலுள்ள கப்பா வகைக் கராஜீனனில் இரட்டைச் சர்க்கரைக்கு ஒரு சல்பேட்தான், அயோட்டாவில் இரண்டு. அந்த அயல்பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மீது படர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. என் அனுபவம் செல் வளர்ப்போடு நின்றுவிட்டது; விலங்குச் சோதனையில் எது முந்தும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை.

பாசியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஓராண்டுக்கு வேண்டியதை ஒரே கரையில், ஒரே வாரத்தில் வாங்கி உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையின் மேல் மாதத்தை எழுதுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் சல்பேட்டை அளந்த பிறகே வைரஸ் கிண்ணத்தைத் தொடுங்கள்.